கேம் பெட்டிக்கு நான் குறித்த விலை

இந்த ஜென்மத்தில் இனி வெங்காயம் உரிப்பதில்லை என்று முடிவு செய்தேன். கண்ணீரோடு எடுத்த முடிவு அது. ஐந்து கிலோவில் மூன்று கிலோ உரித்திருந்தேன், கண்ணீருக்கு என்ன பஞ்சம்!

இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் வருஷம், வெங்காயம் கிலோ எண்பது ரூபாயைத் தொட்ட ஆவணி மாசம். பிள்ளைப்பாக்கத்தில் என் வீட்டுப் பின்கட்டு. எனக்கு முன்னால் வெங்காயம். வெங்காயத்துக்கு முன்னால் என் மனைவி ராஜம்மா. அவளுக்கு முன்னால் அடுப்பு. அதற்கப்புறம் சுவர். தப்பிக்க வழியில்லை.

என் பெயர் மண்ணாங்கட்டி. சிரித்துக்கொள்ளுங்கள், காத்திருக்கிறேன். எனக்கு முன்னால் பிறந்த மூன்று பேர் தங்கவில்லை. நாலாவதாக வந்தவனை எமன் ஏறெடுத்தும் பார்க்கக் கூடாதென்று அப்பா இந்தப் பெயரை வைத்தார். யோசித்துப் பார்த்தால் அது ஒரு விலைத் தந்திரம். சரக்கு உயர்ந்தது, சீட்டில் மட்டும் குறைந்த விலை. எமன் ஏமாந்து போனான். ராஜம்மா ஏமாறவில்லை. நாற்பத்திரண்டு வருஷமாகச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதே விலைக்குத்தான் என்னை வைத்திருக்கிறாள்.

என் தொழில் தரகு. முதலில் மாட்டுத் தரகு. துண்டுக்குள் கையை விட்டு எதிராளியின் விரலைப் பிடித்தேன் என்றால், அவன் மனசில் இருக்கிற விலை என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துவிடும். ஒருமுறை ஒரு நொண்டிக் காளையை, அதை எனக்கு விற்றவனுக்கே மத்தியானம் திருப்பி விற்றேன், லாபத்துக்கு. மாட்டுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. போகும்போது என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பிறகு கம்பெனிகள் வந்தன, மாடுகள் போயின, நான் மனைத் தரகுக்கு மாறினேன். இருங்காட்டுக்கோட்டையில் முதல் கார் வெளியே வந்தபோது ஹாரன் அடித்ததே எனக்கு நன்றி சொல்லத்தான் என்று சொல்வார்கள். சொல்கிறவன் நான்தான், இருந்தாலும் சொல்வார்கள்.

அந்தக் கமிஷனில் கட்டியது இந்த வீடு. பின்னால் ஆறு ரூம். நெல்லைப் பக்கத்துப் பையன்கள் முப்பது பேர். பாய் மட்டும் பதினைந்துதான். ஏ ஷிப்ட்காரன் எழுந்த பாயில் சூடு ஆறுவதற்குள் சி ஷிப்ட்காரன் வந்து படுத்துவிடுவான். முப்பது பேருக்கும் ராஜம்மாதான் மெஸ். வாடகை அவள் கையில். மெஸ் அவள் கையில். என் கையில் வெங்காயம். மூன்று வருஷமாக.

மூன்றாம் நம்பர் ரூமில் இசக்கியப்பன், வேல்ராஜ் என்று இரண்டு பேர். பகலெல்லாம் லைனில் நின்று காருக்குக் கதவு மாட்டுவார்கள். வந்ததும் டிவியில் கார் ஓட்டுவார்கள். செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஒரு கேம் பெட்டி வைத்திருந்தார்கள். எனக்கும் ஒருநாள் ஓட்டக் கொடுத்தார்கள். மூன்றே நிமிஷத்தில் ஒரு பாலம், இரண்டு பெட்ரோல் பங்க், ஒரு போலீஸ் ஜீப். அதற்குப் பிறகு அவர்களுக்கு என் மேல் தனி மரியாதை.

அன்றைக்குக் காலையில் அந்த இரண்டு பேரும் இட்லித் தட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். புதுசாக ஒரு கேம் பெட்டி வரப்போகிறதாம். வெளிநாட்டில் விலை சொல்லிவிட்டார்களாம். நம்ம ஊரில் என்ன விலை வைப்பான் என்பதுதான் சண்டை.

“ஏல, இருவத்தஞ்சாயிரத்துக்கு மேல வைக்க மாட்டான்,” என்றான் இசக்கியப்பன். “அங்க முந்நூத்தித் தொண்ணூத்தொம்பது டாலரு. பெருக்கிப் பாரு.”

“நீ பெருக்கு. பின்னாலயே கஸ்டம்ஸ்காரன் வந்து கூட்டுவான். வரி இருக்கு, கப்பல் கூலி இருக்கு, கடைக்காரனுக்குப் பிள்ளகுட்டி இருக்கு. நாப்பத்தஞ்சுக்குக் கொறையாது,” என்றான் வேல்ராஜ்.

விலை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த தரகன் எழுந்து உட்கார்ந்தான்.

“பெட்டிக்கு எத்தினி பல்லுப்பா?”

“பல்லா? அது மாடு இல்ல தாத்தா.”

“எதா இருந்தாலும் பல்லப் பாக்காம வெல சொல்லக் கூடாது. சரி, விக்கிறவனுக்கு அவசரமா, வாங்கறவனுக்கு அவசரமா?”

இசக்கியப்பன் தட்டைக் கீழே வைத்தான். “தாத்தா, அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பெட்டிய அவன் நட்டத்துக்குத்தான் விப்பான்.”

“நஷ்டத்துக்கா? இன்னா, மூள கலங்கிப் போச்சா அவனுக்கு?”

“கலங்குனது நமக்குத்தான். பெட்டி வீட்டுக்குள்ள வந்துட்டுன்னா பெறவு டிஸ்க்கு வாங்காம இருக்க முடியுமா? ஒரு ஆட்டத்துக்கு ஒரு டிஸ்க்கு. ஒவ்வொண்ணும் ரெண்டாயிரம், மூவாயிரம். நாலு டிஸ்க்குல விட்டதப் பிடிச்சிருவான். அஞ்சாவதுல இருந்து அவனுக்கு லாபந்தான்.”

கையிலிருந்த கத்தி நழுவியது. நாற்பது வருஷம் தரகு பார்த்தேனே, மாட்டைச் சும்மா கொடுத்துவிட்டு மூக்கணாங்கயிற்றில் சம்பாதிக்கலாம் என்று ஒருநாளாவது தோன்றியதா?

“ராஜம்மா, கேட்டியா? பொட்டிய மலிவா குடுத்து உள்ள நொழைஞ்சிடறான். அப்பால டிஸ்க்குல வசூல் பண்றான்!”

“ஓஹோ,” என்றாள் ராஜம்மா, இட்லித் துணியை உரித்தபடியே.

“இன்னா வெல வெப்பான்னு நான் சொல்றேன் பாரு. ரூபா சுத்தமா சொல்றேன்.”

“நாளிக்கு வெங்காயம் இன்னா வெலைன்னு சொல்லு மொதல்ல. தெனம் உரிக்கிற சாமானுக்கே வெல தெரியல. கடலுக்கு அந்தாண்ட இருந்து வர்ற பொட்டிக்குச் சொல்றாராம்.”

இரண்டு பையன்களும் குனிந்து இட்லியைப் பார்த்துச் சிரித்தார்கள். தரகனைப் பட்டினி போடலாம், பத்து ஊருக்கு அப்பால் துரத்தலாம், விலை தெரியாதவன் என்று மட்டும் சொல்லக் கூடாது. நான் எழுந்து நின்றேன். மடியிலிருந்து வெங்காயத் தோல் பூவாகக் கொட்டியது.

“பந்தயம்! நானும் ஒரு வெல எழுதறேன், நீயும் ஒரு வெல எழுது. கம்பெனிக்காரன் சொல்ற வெலைக்கு யாருது கிட்ட வருதோ அவங்க ஜெயிச்சாங்க.”

“ஜெயிச்சா?”

“நான் ஜெயிச்சா இந்தக் கிச்சன்ல காலு வெக்க மாட்டேன். வெங்காயம் இல்ல, பூண்டு இல்ல, தேங்கா இல்ல. சாவற வரிக்கும்!”

“நான் ஜெயிச்சா?”

“பாத்திரமும் நானே தேய்க்கறேன். சாவற வரிக்கும்!”

“சரி,” என்றாள் ராஜம்மா.

சந்தையில் ஒருத்தன் இவ்வளவு சீக்கிரம் தலையாட்டினால் நான் மாட்டை இன்னொரு தரம் சுற்றி வந்து பார்த்திருப்பேன். அன்றைக்குச் சுற்றவில்லை. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் விலையை எழுதிப் பெருங்காய டப்பாவில் போடுவது, டப்பா வேல்ராஜ் பொறுப்பில் இருப்பது என்று முடிவானது.

மறுநாளிலிருந்து நான் வேறு ஆள். பத்து வருஷம் குறைந்துவிட்டது. காலையில் வெங்காயத்தை முடித்துவிட்டுப் பஸ் ஏறினேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டிவி கடையில் பழைய பெட்டியின் விலையைக் கேட்டேன். பேரனுக்கா என்றான் கடைப்பையன். எனக்குத்தான் என்றேன். உட்கார நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்து, வீட்டு நம்பரைக் கேட்டான். தண்டலத்தில் காலேஜ் பையன்களோடு டீக்கடையில் நின்று கருத்துக் கேட்டேன். ஒருத்தன் டாலரைப் பற்றிச் சொன்னான். ஒருத்தன் வரியைப் பற்றிச் சொன்னான். ஒருத்தன் தன் காதலைப் பற்றிச் சொன்னான். அதற்கும் ஒரு விலை சொல்லிவிட்டு வந்தேன்.

கேட்டதையெல்லாம் வீட்டுக்கு வந்ததும் ராஜம்மாவிடம் கொட்டுவேன். அடுப்படியில் அவள் அப்பளம் பொரிப்பாள். நான் எதிரே உட்கார்ந்து, சூடு சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே பாடம் நடத்துவேன்.

“இன்னொரு கம்பெனிக்காரன் இன்னா சொன்னான் தெரியுமா? ஒர்த்தன் வாங்கின டிஸ்க்க சிநேகிதனுக்குக் குடுத்தா ஓடாதாம். வாங்கினவன் மட்டுந்தான் ஆடணுமாம்.”

“அத எப்பிடிக் கண்டுபிடிப்பான்?”

“பேர எழுதி வெச்சுப்பான். யாரு பேருல வாங்குனதோ அவன் பொட்டிலதான் ஓடும்.”

“நல்லாக் கீதே.”

“இன்னா நல்லாக் கீது? ஒலகமே கத்துச்சு. ஒரே வாரத்துல பயந்துகினு வாபஸ் வாங்கிட்டான்.”

“பயந்தாங்கொள்ளி,” என்றாள் ராஜம்மா. அப்பளத்தை எண்ணெயிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தாள். நான் அதைத் தட்டிலிருந்து எடுத்தேன்.

இன்னொரு நாள், “தனியா ஆடுனா காசு இல்ல. நாலு பேரோட சேந்து ஆடணும்னா மாசாமாசம் சந்தா கட்டணுமாம்!” என்றேன்.

“அவங்கவங்க வூட்ல உக்காந்துகினு ஆடறதுக்கா?”

“ஆமா.”

“எவ்ளோ வாங்குறான்?”

அவள் கேட்ட கேள்விகளைக் கவனியுங்கள். நானும் கவனித்தேன். கவனித்து என்ன கண்டுபிடித்தேன்? என் நம்பரைத் தெரிந்துகொள்ளத் தூண்டில் போடுகிறாள் என்று கண்டுபிடித்தேன். நானா சிக்குவேன்! தந்திரம் அத்தனையும் விளக்கினேன். எங்கே குறைக்கிறான், எங்கே ஏற்றுகிறான், எதை இலவசம் என்று சொல்லி எதில் பிடுங்குகிறான், எல்லாம். நம்பரை மட்டும் சொல்லவில்லை. அவ்வளவு உஷார்.

“நாப்பதா?” என்பாள் திடீரென்று, ரசம் தாளிக்கும்போது.

“சொல்ல மாட்டேன்.”

“அம்பதா?”

“என் வாயப் புடுங்காத.”

“நான் எங்க புடுங்கறேன். அதான் நாலு அப்பளம் உள்ள கீதே, எப்பிடி வரும்.”

நம்பரை நான் பிடித்த கதையைச் சொல்ல வேண்டும். அது விஞ்ஞானம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாருக்கும் வார லீவு. முப்பது பையன்களையும் வரிசையில் நிற்க வைத்தேன். பரணிலிருந்து என் பழைய தரகுத் துண்டை எடுத்து உதறினேன். பத்து வருஷத் தூசி பறந்து இரண்டு பேர் தும்மினார்கள்.

“இன்னா பண்ணப் போறய்யா?” என்று உள்ளேயிருந்து ராஜம்மா கேட்டாள்.

“வெல புடிக்கப் போறேன்.”

ஒவ்வொருத்தனாகத் துண்டுக்குள் கையை விடச் சொன்னேன். விரலைப் பிடித்தேன். ஒரு விரல், பத்தாயிரம். இரண்டு விரல், இருபது. அந்த விலைக்குப் பெட்டியை வாங்குவதாக மனசில் நினைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எந்த விரலில் கை வியர்க்கிறதோ அங்கே அவன் நின்றுவிடுவான். வாய் பொய் சொல்லும். வியர்வை சொல்லாது.

“தாத்தா, கிச்சுகிச்சு மூட்டுது,” என்று இசக்கியப்பன் நெளிந்தான்.

“சும்மா நில்லுப்பா. முப்பது. வியர்க்குதா?”

“இல்ல.”

நாலாவது விரலைத் தொட்டேன். கை குளம் ஆகிவிட்டது.

முப்பது பேரில் இருபத்தேழு பேருக்கு நாற்பதாயிரத்தில் வியர்த்தது. இரண்டு பேருக்கு முப்பதிலேயே. ஒருத்தனுக்கு முதல் விரலைத் தொடும் முன்பே கொட்டியது. அவனுக்குக் காய்ச்சல். மாத்திரை கொடுத்துப் படுக்கச் சொன்னேன்.

ஆக, நாற்பதைத் தொட்டால் கை வியர்க்கும். கம்பெனிக்காரன் முட்டாள் இல்லை. வியர்ப்பதற்கு ஒரு அடி முன்னால் நிற்பான். மனை விற்றபோது நானும் அங்கேதான் நின்றேன். நாலு லட்சம் என்று போர்டு வைத்தால் எவனும் ஸ்கூட்டரை நிறுத்த மாட்டான். மூன்று லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரம் என்று வைத்தால் பெண்டாட்டியையும் பின்னால் உட்கார வைத்து அழைத்து வருவான். பெட்டிக்காரன் எவ்வளவு விடுவான்? ஆயிரம் விட்டால் ஏமாளி. ஒரு ரூபாய் விட்டால் கஞ்சன். பத்து ரூபாய் விடுவான்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, சீட்டில் எழுதினேன்: முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. நாலாக மடித்து டப்பாவில் போட்டேன். ராஜம்மா அடுப்பங்கரையில் நின்றபடியே பால்காரன் நோட்டிலிருந்து ஒரு ஓரத்தைக் கிழித்தாள். பென்சிலை நாக்கில் தொட்டாள். மூன்று விநாடியில் எழுதிப் போட்டுவிட்டுப் பருப்பைக் கடையப் போனாள். அவ்வளவுதான் அவள் ஆராய்ச்சி. எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

மார்கழி பிறந்த வாரம். மத்தியானச் சாப்பாட்டு நேரம். வேல்ராஜ் ஒரு கையில் சாம்பார் சாதமும் ஒரு கையில் செல்போனுமாக இருந்தான். திடீரென்று சாதத்தை விழுங்க மறந்து நின்றான்.

“ஏல! வெல சொல்லிட்டாம்ல!”

“எவ்வளவுல?” என்று இசக்கியப்பன் பாய்ந்தான்.

“முப்பத்தொம்பதாயிரத்தித் தொள்ளாயிரத்தித் தொண்ணூறு!”

என் கால் தரையில் இல்லை. டப்பாவைத் திறந்து என் சீட்டை வாசித்தார்கள். ரூபாய் சுத்தம்! பையன்கள் என்னைத் தூக்கிக்கொண்டு பம்பு செட் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். எழுந்த சத்தத்தில் ஒரகடத்தில் ஒரு கம்பெனி ஷிப்ட் முடிந்துவிட்டதென்று நினைத்துச் சங்கு ஊதியது. நம்பாவிட்டால் போங்கள்.

“ஆச்சி சீட்டையும் வாசில,” என்றான் இசக்கியப்பன்.

வேல்ராஜ் பிரித்தான். பார்த்தான். மறுபடி பார்த்தான்.

“ஐந்நூறு ரூவா.”

ஹாலில் இருந்த அத்தனை பேரும் வெடித்துச் சிரித்தார்கள். எல்லாரையும்விட நான் அதிகமாகச் சிரித்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

“ஐந்நூறா! ஐந்நூறு ரூபாய்க்கு அந்தப் பொட்டி வர்ற அட்டைப் பொட்டிகூட வராது ராஜம்மா!”

“எனக்கு இன்னா தெரியும்,” என்றாள் அவள், முந்தானையில் கை துடைத்துக்கொண்டு. “நீதான் வெல தெரிஞ்ச ஆளு. ஜெயிச்சிட்ட. பந்தயம்னா பந்தயம். நாளிலேர்ந்து கிச்சன் பக்கம் வராத.”

தோற்றவள் முகத்தில் ஒரு வருத்தம் இருக்க வேண்டுமே என்று லேசாக ஒரு நினைப்பு வந்தது. இடுப்பு வலியில் அது போய்விட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எழுந்தேன். மூன்று வருஷத்தில் முதல் தடவை. பின்கட்டில் என் பலகையில் வேறு யாரோ உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நாச்சியார் என்று ஒரு அம்மாள். மகனுக்குக் கம்பெனி வேலை கிடைத்து, அவனோடு சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து எங்கள் தெருக்கோடியில் குடியிருப்பவர். ஐம்பது வயது, கத்தி மாதிரிப் பார்வை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெங்காயம்தான் அவரைப் பார்த்து அழும்போல.

ராஜாவாக நடந்து போய்ச் சாப்பாட்டு ஹாலில் உட்கார்ந்தேன். ராஜம்மா நாலு இட்லி வைத்தாள். சாம்பார் ஊற்றினாள். நகர்ந்தாள்.

“சட்னி?”

“டோக்கன்?”

“இன்னா டோக்கன்?”

“சட்னி டோக்கன். அஞ்சு ரூபா.”

“எனக்கா?”

“நீதான பாடம் எடுத்த? இட்லி பொட்டி. சட்னி டிஸ்க்கு.”

ஹாலில் யாருக்கோ புரையேறியது.

“ராஜம்மா, நான் உன் புருஷன்.”

“அதனாலதான் இட்லி ஓசி. மத்த பசங்கள்லாம் பொட்டிக்கும் காசு குடுத்துத்தான் துன்றாங்க.”

பையைத் தடவினேன். ஒரு பழைய பஸ் டிக்கெட், ஒரு பல்குச்சி. வாடகை அவள் கையில் என்று முன்பே சொன்னேன்.

மத்தியானம் சாதம் ஓசி, சாம்பார் ஓசி. அப்பளம் டோக்கன். ஆம்லெட் டோக்கன். இரண்டாம் ரசம் டோக்கன். முதல் ரசம் ஓசிதான், ஆனால் அதில் ஆர்வத்தைத் தூண்டுகிற அளவுக்கு மட்டுமே மிளகு இருந்தது.

நான் அசரவில்லை. மண்ணாங்கட்டி கரைவானா? சாம்பார் சாதத்திலேயே நூறு வயசு வரை வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யார் என்று எனக்கே கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீன். வறுக்கிற வாசனை ஆறு ரூமையும் சுற்றிக்கொண்டு என் மூக்குக்குத்தான் வந்தது. என் தட்டில் வெறும் சாம்பார் சாதம். வேல்ராஜுக்கு மனசு கேட்கவில்லை. தன் தட்டிலிருந்த துண்டை மெல்ல என் பக்கம் தள்ளினான்.

“வேல்ராஜு!” என்றது அடுப்படி. “அது உன் பேருல வாங்குன மீனு. இன்னொர்த்தர் தட்டுல ஓடாது.”

“ஆச்சி, அந்தக் கம்பெனிக்காரனே பயந்து வாபஸ் வாங்கிட்டாம்லா!”

“அவன் பயந்தாங்கொள்ளி. நான் பிள்ளப்பாக்கம்.”

மீன் திரும்பிப் போனது. நான் அதன் கண்ணைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.

திங்கட்கிழமை தட்டோடு ஹாலுக்குப் போனால் என் இடத்தில் சாக்கு மூட்டை.

“இது இன்னா?”

“நாலு பேரோட சேந்து உக்காந்து துன்னணும்னா மாசச் சந்தா. தனியாத் துன்னா காசு இல்ல. துவைக்கிற கல்லாண்ட எடம் போட்டுக் கீது.”

துவைக்கிற கல்லில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். எதிரே பையன்களின் யூனிபார்ம் காய்ந்துகொண்டிருந்தது. பேச்சுத் துணைக்கு ஒரு காக்கா. அதற்கும் நான் வைக்கிற சாம்பார் சாதம் பிடிக்கவில்லை. மதில் தாண்டிப் போய்விட்டது.

எட்டாவது நாள் பொறுக்க முடியாமல் அடுப்படி வாசலில் போய் நின்றேன். உள்ளே கால் வைக்கவில்லை. பந்தயம்னா பந்தயம்.

“ராஜம்மா, இது நியாயமா?”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். நாற்பத்திரண்டு வருஷத்தில் அவள் கரண்டியைக் கீழே வைத்துப் பேசியது நாலைந்து தடவைதான் இருக்கும்.

“நியாயம் பேச வந்துட்டியா? நீ உள்ள இருந்தப்ப தெனம் இருவது அப்பளம் காணாம போச்சு. தலைக்கு ஒண்ணுன்னு மீனு வறுத்தா கடசி நாலு பையனுக்கு மீனு இல்ல. ‘ஆச்சி, எனக்கு வர்லியே’ன்னு அந்தப் புள்ளைங்க மூஞ்சப் பாத்துகினு நின்னது நானு. ருசி பாக்கறேன், சூடு பாக்கறேன்னு நீ உள்ள தள்ளுன. போன்னா போவியா? மூணு வருசமா உன்ன எப்பிடி வெளிய அனுப்பறதுன்னு முயிச்சிகினு இருந்தேன். நீயே வந்து பந்தயம் கட்டுன.”

எனக்கு மெல்ல வியர்த்தது. முதல் விரலிலேயே.

“அப்போ... அந்த ஐந்நூறு?”

“வேற எவ்ளோ எழுதினாலும் நீ தோத்துடுவியோன்னு பயமா இருந்துது. அதான் ஐந்நூறு போட்டேன்.”

துண்டுக்குள் கை விடாமலே என் விலையைப் பிடித்திருக்கிறாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இரண்டு தரகர்கள் இருந்திருக்கிறோம். கமிஷன் மட்டும் ஒருத்தருக்கே போயிருக்கிறது.

ஆனால் நான் விடாப்பிடியான ஆள். அன்று சாயந்திரம் குளித்து, திருநீறு பூசி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மறுபடி வாசலுக்கு வந்தேன்.

“ராஜம்மா, பந்தயத்த நானே ரத்து பண்றேன். வெங்காயம் உரிக்கறேன். பூண்டு உரிக்கறேன். தேங்கா துருவறேன். அப்பளத்தத் தொடல.”

“எடம் காலி இல்லியே,” என்றாள் ராஜம்மா. “வெங்காயத்துக்கு நாச்சியார்தான் இன்சார்ஜு. அவங்களக் கேளு.”

நாச்சியார் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

“அனுபவம் உண்டுமா அண்ணாச்சி?”

“மூணு வருஷம்.”

“எங்கன?”

“இங்கதான். இந்தப் பலகையிலதான்.”

“ஏன் நின்னீய?”

நான் வாயைத் திறந்தேன். அடுப்படியிலிருந்து ராஜம்மாதான் குரல் கொடுத்தாள். “வாய் கொஞ்சம் நீளம்னு போட்டுக்கோ நாச்சியாரு.”

நாச்சியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். கையை நீட்டச் சொல்லி விரல்களைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு வெங்காயம் கொடுத்து உரிக்கச் சொல்லி, தோலையும் வெங்காயத்தையும் தனித்தனியாகச் சோதித்தார்.

நாற்பத்திரண்டு வருஷம் இந்த வீட்டில் பெர்மனென்ட்டாக இருந்தவன், இப்போது கான்ட்ராக்டில் இருக்கிறேன். ஆறு மாசம் அப்பளக் கணக்கு சரியாக இருந்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்று நாச்சியார் சொல்லியிருக்கிறார்.